ஒரு ஆளா, ரெண்டு ஆளா?

மேசைக்கு அடியில் நுழைவதற்கு முன் பவானேஸ்வரி செருப்பைக் கழற்றி வைப்பார், ஜோடியாக, வாசலைப் பார்த்தபடி. பிறகு துப்பட்டாவை இடுப்பில் இறுகக் கட்டி, சின்ன டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு தவழ்ந்து போவார். கவ்விய வாயாலேயே உள்ளிருந்து குரல் வரும்: "யாரு காலு இது? தூக்குங்கலா!"

குருபோங் தொழிற்பேட்டையில் சிவசாமியின் லாரி நிறுவனம் அது. பவாவை வேலைக்கு எடுத்தது டைப்பிங்குக்கு. கணினிகள் வந்து இறங்கியபோது பயப்படாமல் கிட்டப் போனவர் அவர் ஒருவர்தான். இப்போது அங்குள்ள பத்துப் பன்னிரண்டு கணினிகளுக்கும், அவற்றைக் கோத்திருக்கும் கம்பிக்கும் அவரே வைத்தியர். கம்பி மேசைக்கு மேசை ஓடுகிறது. நடுவில் எங்கு கழன்றாலும் மொத்த அலுவலகமும் படுத்துவிடும். கூட்டுகிற குஞ்சம்மாவின் விளக்குமாறு அதில் அடிக்கடி மாட்டும். "நீ கட்டிப் போட்ட கவுத்துல நா ஏன் விழணும்?" என்று அவர் சண்டைக்கும் வருவார்.

கணினி நின்றுவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் பவா கேட்பது ஒரே கேள்வி. "கடைசியா என்னா செஞ்சீங்க?" பதிலும் ஒன்றுதான். "ஒன்னுமே செய்யலியே." "அந்த ஒன்னுமே செய்யாதத எனக்கு ஒருக்கா செஞ்சி காட்டுங்க" என்பார், சிரிக்காமல். இடுப்பில் எப்போதும் ஒரு பேஜர். அலுவலக எண்ணோடு மூன்று ஒன்பது விழுந்தால் உடனே வா என்று அர்த்தம். கோயிலில் இருந்தாலும் சரி, மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாலும் சரி.

இந்த வருஷக் கடைசியில் பாச்சாங்கில் இன்னொரு கிளை திறக்கிறார் சிவசாமி. கணினிகளைப் பார்த்துக்கொள்ள எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி வந்தது. விற்க வந்தவர் இத்தனை கணினிக்கு ஓர் ஆள் என்று ஏதோ கணக்குச் சொன்னாராம். சிவசாமிக்குப் பிடிபடவில்லை. "நீயே சொல்லுமா. ஒரு ஆளா, ரெண்டு ஆளா? ஆயுத பூஜைக்குள்ள சொல்லிடு" என்று பவாவிடமே விட்டுவிட்டார்.

லாரிகளைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப் போன எனக்கு லாரி மறந்துபோயிற்று. என்ன சொல்லப் போகிறீர்கள் என்று பவாவை நச்சரித்தேன்.

"ஒரு ஆளு போதும்னுதான் சார்."

கையுதவிக்கு ஆள் கிடைப்பதை யாராவது வேண்டாம் என்பார்களா? பவா குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது ஆளு டிப்ளோமாவோட வருவான். ஆறே மாசத்துல அவன் ஹெட்டு, நா திரும்பவும் டைப்பிங். எந்த கம்பி எங்க போவுதுன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்லா. நா இங்க இருந்துருவேன்."

நியாயமான பயம்தான். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அன்று பவா விடுப்பு. மகள் ஜானகிக்கு டுரியான் துங்காலில் பள்ளிப் பரிசளிப்பு விழா. அலுவலகத்தில் சரஸ்வதி படத்தின் முன் ஸ்பேனர்களும் ஜாக்கியும் படுத்திருந்தன. சாமிக்கு வைத்ததை மறுநாள் காலைவரை யாரும் தொடக் கூடாது என்பது சிவசாமியின் கண்டிப்பு. லாரிகளுக்குப் பொட்டு வைத்த கையோடு உள்ளே போனவர், மற்ற கணினிகளுக்கெல்லாம் தலைமையான பெரிய கணினியைச் சுவர் சுவிட்சிலேயே அணைத்தார்.

"இதுவும் ஆயுதந்தானே. ரெஸ்ட் எடுக்கட்டும்."

பிறகு அதன் முகத்தில் சந்தனம் அப்பினார். வாகாக ஒரு பிளவு இருந்தது, ஃபிளாப்பி நுழையும் வாய். மனுஷர் பக்தியில் குறை வைக்கவில்லை.

சுண்டல் தின்று முடித்தபோது துறைமுகத்துக்குப் போக வேண்டிய லாரி ஒன்று வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. சரக்குக்கான சீட்டை அச்சடிக்க வேண்டும். பெரிய கணினியோ சுவிட்சை மறுபடி போட்டும் எழவில்லை. ஃபிளாப்பியைப் படித்துத்தான் அது எழும். அதன் வாயிலோ சந்தனம். சிவசாமி பேஜருக்கு அடித்தார்.

பவா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தார். சந்தனத்தைப் பார்த்தார். வழக்கமான கேள்வியை யாரிடமும் கேட்கவில்லை. தன் கணினியில் ஃபிளாப்பியைப் படிக்கும் பெட்டியைக் கழற்றிப் பெரிய கணினியில் பொருத்தினார். கொஞ்ச நேரத்தில் அச்சு இயந்திரம் கறகறத்தது. லாரி கிளம்பிப் போயிற்று.

"ஜானகிக்கு என்னா பரிசுமா?" என்றார் சிவசாமி, முகத்தைப் பார்க்காமல்.

"தெரியல பாஸ். அவ பேர கூப்பிடறதுக்கு முன்னாடியே ஒங்க ஒம்போது வந்துருச்சி."

சிவசாமி கையிலிருந்த சந்தனத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மெஷினுக்கு ரெஸ்ட் வேணும்னு ஒங்களுக்கே தோணுச்சுலா பாஸ். ரெண்டு ஆளு போடுங்க. வர்றவன் டிப்ளோமாவோட வரட்டும், டிகிரியோட வரட்டும், நாந்தான் ஹெட்டு. அத இப்பவே எல்லார் முன்னுக்கும் சொல்லிருங்க."

சிவசாமி எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "அவதான் ஹெட்டு" என்றார்.

பவா நேராகச் சாமி படத்திடம் போனார். இடுப்பில் செருகியிருந்த பேஜரை உருவி, கிண்ணத்துச் சந்தனத்தில் ஒரு பொட்டு வைத்து, ஸ்பேனர்களுக்கு நடுவே படுக்க வைத்தார்.