கதையில் அப்பம் கொடுத்தவர்

தம்பானூரில் நடந்த வாசகர் கூட்டத்தில் ஒரு மாயாஜால நாவலாசிரியரைப் பார்த்தேன். சாயம் பூசிய மீசை, பட்டு ஜிப்பா. தன் கதையில் வீரர்கள் காட்டில் தின்னும் அப்பம், கிறிஸ்தவர்கள் நாங்கள் கோயில் பூசையில் 'நன்மை' என்று வாங்கும் நற்கருணைதான் என்று சொல்லும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பூதம், வாள், பறக்கும் குதிரை, நடுவில் ஆண்டவர்! நானும் வேதக்காரன்தான், எரிச்சலாக வந்தது.

தேநீர் இடைவேளையில் அவரை மடக்கினேன். "சாரே, நீங்க கடைசியா எப்போ நன்மை வாங்கினீங்க?"

"விவாகரத்தாகி மறுகல்யாணம் பண்ணினவன் நான். கோயில்ல எனக்குத் தரமாட்டாங்க" என்றார். "அதான் கதையில கள்ளனுக்கும் கொடுத்தேன், கேட்டோ."

அந்த நாவல் இன்றும் எனக்குக் குப்பைதான். ஆனால் அடுத்த ஞாயிறு நன்மை வாங்கித் திரும்பும்போது, எழுந்து வராமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்களை முதன்முறையாகப் பார்த்தேன்.