அவர் வண்டிக்கு மட்டும் சரியான சார்ஜர்

தி.நகரில் ஒரு பேட்டரி கடைக்காரர், வீடு பற்றி எரியக்கூடும் என்று தெரிந்தே தப்பான சார்ஜரை ஆட்கள் தலையில் கட்டுகிறார்.

இன்று மாட்டியவர் சேகர் அண்ணன். எங்கள் தெருக்காரர், மின்சார ஸ்கூட்டரில் சாப்பாடு டெலிவரி செய்கிறார். பழைய சார்ஜர் போய்விட்டதால் என்னையும் துணைக்குக் கூட்டிப் போனார்.

அவர் பேட்டரியில் பதின்மூன்று லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கின்றன. செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், மொத்தம் 54.6. கடைக்காரர் நீட்டிய சார்ஜரில் 58.4 என்று இருந்தது. அது வேறு வகை பேட்டரிக்கானது என்று அவரிடம் சொன்னேன்.

"ரெண்டுமே நாப்பத்தெட்டு வோல்ட் வண்டிதான் நைனா. பின்னு சேந்துச்சில்ல? கூட ஏத்துனா கூட தூரம் ஓடும்."

"கூட ஏத்துனா தீப்பிடிக்கும்ணே."

"இன்னாபா, நீ வாத்தியாரா?"

சேகர் அண்ணன் என் கையைப் பிடித்தார். "வுடு தம்பி. ரெண்டு ஆர்டர் கூட ஓட்டலாம்ல?"

அவருக்கு ஒற்றை அறை வீடு. பேட்டரியைக் கழற்றி வந்து கட்டிலுக்குக் கீழேதான் சார்ஜ் போடுவார். கட்டிலின் மேல் இரண்டு பிள்ளைகள் தூங்குவார்கள்.

கோபத்தில் வெளியே வந்தேன். நடைபாதையில் கடைக்காரரின் சொந்த ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது. அண்ணனுடைய அதே வண்டி, அதே பேட்டரி. குனிந்து சார்ஜரைப் பார்த்தேன்.

54.6.

திரும்ப உள்ளே போய்ச் சொன்னேன்: "அண்ணே, வெளிய உங்க வண்டில இருக்கிற சார்ஜரைக் கழட்டி இவருக்குக் குடுங்க. இதை நீங்க வெச்சுக்கங்க."

அவர் எனக்குப் பின்னால் நின்ற அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்து, "உனக்கு இன்னா வேணும்பா?" என்றார்.