காலிப் பையோடு வந்த தூதர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்குப் படிப்பும் கிடையாது, கதை கட்டவும் தெரியாது. பிரெஞ்சுப் பேரரசரின் படையில் சார்ஜென்டாக இருந்தபோது சாக்சனியில் என் கண்ணால் பார்த்தது இது.

எங்கள் 'கோர்' என்ற படைத்தொகுதி தனியாகவே ஒரு முழுப் படை என்று பீற்றிக்கொள்வார்கள். மேலே மார்ஷல். அவருக்குக் கீழே டிவிஷன் ஜெனரல்கள். அவர்களுக்குக் கீழே பிரிகேட் ஜெனரல்கள். உத்தரவு படிப்படியாக இறங்கி வரவேண்டும். நடுவில் ஒருத்தன் தூங்கினால் கீழே இருப்பவன் சாவான். அவர்கள் ஏற்பாட்டின் லட்சணம் அவ்வளவுதான்.

அன்று எங்கள் பிரிகேட் ஆற்றுக்கு அப்பால், எதிரி பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. திரும்ப ஒரே ஒரு மரப்பாலம். வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் செத்துவிட்டதால், பாலத்தைக் காத்த கம்பெனி என் பொறுப்பில். பின்வாங்கச் சொல்லத்தான் நாதியில்லை.

நண்பகல். பனிமூட்டத்துக்குள்ளிருந்து பாலத்தின் மேல் ஒரு குதிரை வந்தது. மார்ஷலின் தூது அதிகாரி. கன்னத்தில் வாள் தழும்பு.

பாலத்துப் பலகை சத்தமே போடவில்லை...

"மார்ஷல் உத்தரவு. பிரிகேட் இப்பவே ஆத்தைத் தாண்டணும்."

எங்கள் பிரிகேட் ஜெனரல் தெலோம் சிரித்தார். "காயிதம் எங்க?"

தூதர் தோல்பையைத் திறந்து காட்டினார். காலி.

"காயிதமும் இல்ல, டிவிஷன் ஜெனரல் கையெழுத்தும் இல்ல. நீ வாயால சொன்னா நான் நகரணுமா? போய் முறையா வாப்பா!"

குளிரில் எங்கள் எல்லார் வாயிலும் புகை. தூதர் வாயில் இல்லை...

முழங்கால் சேறு. குதிரைக் குளம்பில் ஒரு பொட்டு இல்லை...

என்னைப் பார்த்தார். "தாண்டுங்க."

மூட்டத்தில் கரைந்துபோனார்.

நான் கம்பெனியோடு பாலத்தில் ஓடினேன்.

"கோழைப் பயலே! உன்னைச் சுடாம விடமாட்டேன்!" ஜெனரலின் குரல்.

கடைசி ஆள் கரையேறினான்.

மடமட...

பாலம் போய்விட்டது.

அக்கரையில் வெடிச்சத்தம். அப்புறம் அதுவும் இல்லை.

இருட்டும் வேளையில் மார்ஷலின் கூடாரத்துக்குப் போனேன். வாத்து வறுவல் வாசம். அவருடைய காரியங்களைப் பார்க்கும் கர்னல் புஷாரே ஒரு உறைக்கு அரக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தார்.

"பாலம் போச்சுங்கய்யா. மத்தியானம் நீங்க அனுப்பின ஆள் சொன்னதை ஜெனரல் கேக்கல."

"மத்தியானமா? பின்வாங்கச் சொல்லி இப்பத்தான்யா எழுதியிருக்கேன். மார்ஷல் சாப்பிட்டு முடிக்க வேண்டாமா? நான் யாரையும் அனுப்பல." உறையை நீட்டினார். "மொரிசோ, கிளம்பு."

மொரிசோ முன்னால் வந்தார்.

கன்னத்தில் அதே தழும்பு. வாயில் புகை வந்தது.

"போகாதீங்க ஐயா..."

"யாருய்யா நீ? உன்னைப் பார்த்ததே இல்லையே" என்றார் மொரிசோ.

"பாலமே இல்லீங்களே!" என்றேன் கர்னலிடம்.

"உத்தரவு எழுதியாச்சு. போய்த்தான் ஆகணும்."

போனார்.

மறுநாள் ஆற்றிலிருந்து அவர் பிணத்தை எடுத்தோம். சேதி சொல்லப் போனேன். கர்னல் தலை நிமிரவில்லை.

"உத்தரவு கெடச்சதுன்னு ஜெனரல்கிட்ட கையெழுத்து வாங்கினானா?"