ஐந்து கிலோவாட் வெயில்

என் மனைவி மூச்சுக்கு ஆக்சிஜன் மெஷினை நம்பியிருந்தாள். அது நின்றுவிடக்கூடாது என்றுதான் கோச்சடை வீட்டு மாடியில் சோலார் போட முடிவு செய்தேன். மூன்று கிலோவாட்டா, ஐந்தா என்று தெருவே கூடி வாதாடியது. "நோயாளி இருக்கிற வீடு மாப்ள, கூடக் கொஞ்சம் கெடக்கட்டும்," என்றார் எதிர்வீட்டுக்காரர். சோறோ சோலாரோ, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதே பேச்சுதான். ஐந்தே போட்டோம்.

அடுத்து மாதாந்திர மின்தடை நாள் வந்தது. இனி நமக்கென்ன என்று பேப்பரில் வந்த அறிவிப்பைக்கூட நான் பார்க்கவில்லை. காலையில் கரண்ட் போனதும் மெஷினும் நின்றது. மாடியிலோ வெயில் கொளுத்தியது. பதறிப்போய், சோலார் மாட்டியவருக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, லைன்ல கரண்டு இருந்தாத்தான் இது ஓடும். இல்லாதப்பவும் ஓடணும்னா பேட்டரி வச்சிருக்கணும்."

"இதை ஏன்யா அன்னைக்கே சொல்லல?"

"எம்புட்டுப் பெருசு போடணும்னுதானே எல்லாரும் கேட்டீக."

அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, "வெயில் இம்புட்டு அடிக்குதேங்க," என்றாள். அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

இப்போது அந்த ஐந்து கிலோவாட்டில் பகலெல்லாம் ஓடுவது, எனக்காக ஒரு ஃபேன்.