சொல்லிக்கொள்ளாமல் கிளம்பும் ரயில்

நியூசிலாந்தில், ஒக்லண்டின் கிளென் ஈடனுக்குக் குடிவந்த முதல் ஜூலையில், சூப்பர்மார்க்கெட் வரிசையில் ஓர் ஆள் வெறுங்காலுடன் பால் புட்டியைப் பிடித்தபடி நின்றிருந்தார். இங்கே ஜூலைதான் குளிர்காலம்; வெளியே மழை, விரல் விறைக்கும் குளிர். நான் சட்டென்று விலகி அவருக்கு வழிவிட்டேன். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் செருப்பில்லாமல் நடக்கிறவர் சபரிமலைக்கு மாலை போட்ட சாமி. அவரை முன்னே விடுவதுதான் முறை. அவரோ, "ஆஃப்டர் யூ" என்று கையைக் காட்டினார். நான் இன்னும் விலகினேன், அவர் இன்னும் பணிவாகக் கையைக் காட்டினார். பின்னால் நின்ற பெண்மணி பொறுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் தாண்டிப் போய்ப் பணம் கட்டினார். இங்கே வெறுங்கால் விரதமும் அல்ல, வறுமையும் அல்ல, வெறும் பழக்கம் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின.

நான் ராஜபாளையத்துக்காரி. கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊர் வழியாக ஐயப்ப சாமிகளின் ஸ்பெஷல் ரயில் போகும். தை பிறந்து மகரவிளக்கு முடிந்ததும் நின்றுவிடும். வெள்ளைக்காரன் காலத்தில் மலையைக் குடைந்து போட்ட மீட்டர்கேஜ் பாதை அது. செங்கோட்டையில் பின்னால் இன்னோர் இன்ஜினை மாட்டி மலைமேல் தள்ளிக்கொண்டு போவார்களாம். பதிமூன்று கண் பாலம், குகை இருட்டு, ஆரியங்காவுக் குளிர் எல்லாம் அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் பார்த்ததெல்லாம் எங்கள் ஊர் பிளாட்பாரம் மட்டும்தான். வாழைக்கன்று கட்டிய இன்ஜின் வந்து நிற்கும், யாராவது அதற்குச் சூடம் காட்டுவார்கள். ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, கருப்பு வேட்டியும் தலையில் இருமுடியுமாக ஏறிக்கொள்வார். யாத்திரைக்குக் கிளம்புகிறவர் "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. வாசலில் தேங்காயை உடைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். அதனால் அப்பா எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசாமலே போவார், சன்னல் பக்கம்கூட வர மாட்டார்.

பத்து வயதுக்குள் பெண் பிள்ளைகளும் மலைக்குப் போகலாம். ஒன்பது வயதில் நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா. அடுத்த கார்த்திகைக்குள் எனக்குப் பத்து முடிந்துவிட்டது. இனி ஐம்பதுக்கு மேல்தான். அவருக்கு அந்தக் கணக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். எனக்கு மறக்கவில்லை. ஆறு வயதுத் தம்பியைக் கன்னிச்சாமியாகத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் ரயிலேறிய நாளில், பிளாட்பாரத்தில் நின்று சாமியையும் சேர்த்தே திட்டினேன். அந்தக் கோபம் முழுவதும் இன்னும் ஆறவில்லை.

நர்ஸ் வேலை கிடைத்து நியூசிலாந்து வந்தபோது, அதே பிளாட்பாரத்தில்தான் சென்னை ரயில் ஏறினேன். "போயிட்டு வரேம்ப்பா" என்று வாய் நிறையச் சொன்னேன், வண்டி நகர்ந்த பிறகும் சன்னலில் தலையை நீட்டிக் கையாட்டினேன். அதன்பின் ஊருக்குப் போனதெல்லாம் விடுமுறைக்குத்தான். அதைத் திரும்பிப் போனதாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். சொல்லாமல் போன அப்பா ஒவ்வொரு முறையும் பிரசாத டப்பாவோடு திரும்பி வந்தார், சொல்லிவிட்டு வந்த நான் இங்கே மார்ட்கேஜ் கட்டிக்கொண்டிருக்கிறேன். இடையில் அகலப்பாதை போடுவதற்காக அந்த மலைப்பாதையை மூடினார்கள். பஸ்ஸில் போகலாமே என்று யார் சொன்னாலும் அப்பா கேட்கவில்லை. ரயில் இல்லாமல் தனக்கு மலை இல்லை என்று வீம்பாக உட்கார்ந்துவிட்டார். மறுபடி ரயில் ஓடத் தொடங்கிய நேரத்தில் அம்மா படுக்கையில் விழுந்தாள். அவள் போனபின் அப்பாவுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கடையை விட முடிந்த வருஷங்களில் மட்டும் போனதில், பதினேழு மலையோடு நின்றுபோயிருந்தார். பதினெட்டாவது மலைக்குத் தென்னங்கன்று கொண்டுபோய் வைக்க வேண்டும், அது பாக்கி.

இந்த ஜூலையில் எனக்கு ஐம்பது முடிந்தது. வாழ்த்துச் சொல்ல அப்பா போன் செய்தார்.

"அம்பது முடிஞ்சிருச்சுல்லம்மா. இந்தக் கார்த்திகைக்கு நீயும் வாயேன். ரெண்டு பேரும் ரயில்லயே போவோம்."

"டாக்டர் என்ன சொல்றாருப்பா?"

"அவரு சொல்றதச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காரு. தென்னங்கன்ன நான் தூக்க முடியாது. நீ தூக்கிக்க."

முதியோர் இல்லத்தில் எனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், மகள் மதிக்குப் பரீட்சை, என் கணவருக்கு ஈஸ்ட் டாமாக்கி கிடங்கு வேலையில் அது நெருக்கடியான காலம் என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். முடிவில், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ப்பா" என்றேன். அவர், "சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை, காலை இருட்டோடு மதியை ரயிலேற்றப் போனேன். இங்கும் ஒரு குளிர்கால ரயில் இருக்கிறது. ரயில் பைத்தியம் பிடித்த சிலர் கூடி, பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்து, குளிர்கால வார இறுதிகளில் ஒக்லண்டிலிருந்து தெற்கே பனிமலைக்கு ஓட்டுகிறார்கள். மதியும் அவளுடைய பல்கலைக்கழகத் தோழிகளும் தோளில் நீளமான பைகளோடு நின்றார்கள். பிளாட்பாரம் முழுக்க அப்படித்தான்: கனத்த பூட்ஸ், முதுகில் மூட்டை, எல்லோர் வாயிலும் மலைப் பேச்சு. வண்ணம் மட்டும் கருப்பாக இருந்தால் எங்கள் ஊர் ஸ்டேஷன்தான். கொடி பிடித்திருந்த வெள்ளைத்தாடிக்காரர், சும்மா நின்ற என்னிடம் தானாகப் பேச்சுக் கொடுத்தார். முன்பெல்லாம் மரப் பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுமந்துகொண்டு ஜனங்கள் ரயிலில்தான் மலைக்குப் போனார்களாம். நல்ல சாலை வந்தது, கார் வந்தது, ரயில் நின்றது. ராவுரிமு என்ற இடத்தில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மலையேறுமாம். இன்ஜின் மூச்சுவாங்குவதை அங்கே கேட்க வேண்டும் என்றார். பின்னால் இன்னோர் இன்ஜின் மாட்டுவீர்களா என்று கேட்டேன். இந்தக் கேள்வியை என்னிடம் எதிர்பார்க்கவில்லை போலும், முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்கள் ஏறவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, அனுப்பிவைக்க மட்டும்தான் வந்தேன்."

நான் டிக்கெட் கிடைக்காமல் நிற்பதாக நினைத்துக்கொண்டார். என் கையைத் தட்டி, "நெக்ஸ்ட் இயர், தென்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். ஒன்பது வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு அழுதவள் நான்; அதையே எழுபத்தாறு வயதுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்பது வயதுக்கு அடுத்த வருஷம் நிச்சயம் உண்டு, அவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. "பை அம்மா, லவ் யூ" என்று மதி கையாட்டியதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை. வண்டி போனதும் அங்கேயே நின்று ராஜபாளையத்துக்குப் போன் போட்டேன். அங்கே நள்ளிரவு. "வரேம்ப்பா, இந்த வருஷமே வரேன்" என்றேன்.

கார்த்திகை முதல் நாள் இங்குள்ள கோயிலில் மாலை போட்டுக்கொண்டேன். வேலைநேரம் தவிரச் செருப்பில்லை. ஊரென்றால் மாலை போட்ட பெண்ணைப் பார்த்ததும் டீக்கடைக்காரர்கூட "மாளிகைப்புறம்" என்று எழுந்து வழிவிடுவார். இங்கே வெறுங்காலோடு சூப்பர்மார்க்கெட்டுக்கும், டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்கும் போய்வந்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இந்த நாட்டுக்காரி போல நான் நடந்தது அந்த நாட்களில்தான் என்று நினைக்கிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் அப்பா போனில் சொன்னார்: "மாலை போட்டாச்சுன்னா அங்கயிருந்தே யாத்திரைதான். யார்ட்டயும் சொல்லிக்கிட்டுக் கிளம்பாத. திரும்பிப் பாக்காத."

மறுநாள் வாசற்படியில் தேங்காயை உடைத்தேன். கணவர் காரைக் கிளப்பினார். மதி வெறுங்காலோடு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அம்மா, யூ ஆர் கமிங் பேக், ஏ?"

திரும்பி வருவாய்தானே என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அவள் இன்னொரு முறை கேட்டாள், இந்தத் தடவை சிரிப்பில்லை. "அம்மா?" அப்பா ஏன் சன்னல் பக்கம் வரவே மாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காரில் ஏறி, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்தபோது பக்கக் கண்ணாடியில் எங்கள் வீட்டு வாசலும், உடைந்த தேங்காய் மூடிகளும் தெரிந்தன, கையைத் தூக்கலாமா வேண்டாமா என்று நிற்கும் மதியும் தெரிந்தாள். கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்த்ததாகுமா என்று அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே போனேன்.