இடது ஓரம் மூன்று சீட்டு

என் அக்கா புருஷன் விளையாட்டு மைதானங்களில் நாற்காலி மாட்டுகிறவர். ஸ்பேனரும் கையுமாக நான்கு மைதானங்களைப் பார்த்துவிட்டார். ஆட்டம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஆனால் 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் மாமாவின் வாயில் வராது.

அக்காவுக்குக் கால்பந்து என்றால் உயிர். பதினைந்து வருடமாக ஒரே கோல்கீப்பரை டி.வி.யில் பார்த்துப் பார்த்து, அந்தக் கோலி எந்தப் பக்கம் பாய்வான் என்று முன்கூட்டியே சொல்வாள். அவனுடைய கடைசி ஆட்டம் எங்கள் ஊர் மைதானத்தில் என்று செய்தி வந்ததும் அழுதேவிட்டாள்.

"ஒரே ஒரு தடவை அவன நேர்ல பாத்துடணும்ங்க."

டிக்கெட் விலையை விசாரித்தேன். ஒரு சீட்டுக்கு மாமாவின் நாலு நாள் கூலி. மாமா அசரவில்லை.

"முழு விலை குடுக்க நான் என்ன இளிச்சவாயனா? தூணுக்குப் பின்னாடி ஒரு வரிசை இருக்கு. மறைக்கும்னு மொத்த வரிசையையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுவாங்க. ஆனா இடது ஓரம் மூணு சீட்டுக்கு எதுவும் மறைக்காது. மாட்டினவனுக்குத் தெரியாதா?"

கவுண்டரில் இடது ஓரம் என்று கேட்டு, எனக்கும் சேர்த்து மூன்று டிக்கெட் வாங்கினார். வாசலில் எங்கள் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு, உள்ளே அதே தண்ணீரை மூன்று மடங்கு விலைக்கு விற்றார்கள். மாமா அதற்கும் சிரித்தார்.

போய் உட்கார்ந்தால் எதிரே தூண். இடது பக்கத்துப் பாதி மைதானத்தைக் காணோம். அக்காவின் கோலி நின்றது அந்தப் பாதியில்தான்.

மாமா வேலை செய்தது மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அவருடைய இடது, உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு வலது. அவ்வளவு பெரிய மனுஷனுக்கு இது உறைக்கவில்லை.

கூட்டம் ஓவென்று கத்தும்போதெல்லாம் அக்கா கழுத்தை நீட்டித் தூணைப் பார்த்தாள். மாமாவின் முகம் செத்துப்போயிருந்தது. இடைவேளை விசில் ஊதியதும் எழுந்துவிட்டார்.

"இரு, முழு விலைக்கு உனக்கு வேற சீட்டு கேட்டுப் பாக்கறேன். கூலி போனாப் போகுது."

அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. இப்போ ரெண்டு டீமும் பக்கம் மாறும்."

"மாறுமா?" என்றார் மாமா. அவர் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

கோலி கையுறையைத் தட்டிக்கொண்டு, தூண் மறைக்காத பாதிக்கு ஓடி வந்தான். அக்கா எழுந்தவள் உட்காரவே இல்லை. "வலது பக்கம்!" என்று கத்தினாள், அவனும் வலது பக்கமே பாய்ந்து பந்தைப் பிடித்தான். ஆட்டம் முடிந்து அவன் கையசைத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

மாமாவுக்கு உயிர் திரும்பிவிட்டது. "பாத்தியா? எடம் பாத்துத்தான் வாங்கினேன்."

அவர் அளப்பதையெல்லாம் அங்கேயே திருத்திவிடும் என் அக்கா, அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க" என்றாள்.