ஒருபக்கமும் நீச்சல் குளமும்

எழுத்தாளர் வட்டத்தில் அவளுக்கு ‘ஒருபக்கம்’ என்று பெயர். வாரப் பத்திரிகைகளுக்கு ஒரு பக்கக் கதை எழுதுகிறவள். புருஷனின் நண்பர்கள் கிண்டலுக்கு வைத்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. புருஷன் நாவலாசிரியர், தலையணை கனத்துக்கு எழுதுவார். அவளுக்கும் நீளமாக எழுத வரும். ஆனால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கும் மாமியாரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம் படுக்க வைத்துவிட்டு வந்தால், வலப்பக்கம் புரட்டும் நேரம் வருவதற்குள் சமையல், துணி, பெட்பேன் எல்லாம் போக மிஞ்சுவது ஒரு பக்கம்தான்.

மாமியார் முதுகில் ஒரு புண் கிடையாது. படுத்துக் கிடக்கும் உடம்பைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், புண் வராமல் இருப்பது சும்மா நடப்பதில்லை.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு நீச்சல் கற்றுக்கொள்ள ஆசை வந்தது. தண்ணீருக்குள் உடம்பு கனக்காதாமே, அது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வேண்டும். அதைத் தவிர வேறு காரணம் இல்லை. நகராட்சி நீச்சல் குளத்தில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு. பெயர் கொடுத்தாள், நீச்சல் உடையும் வாங்கினாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அம்மாவோடு இருக்கும்படி புருஷனைக் கேட்டாள்.

“இருக்கேன், அதுக்கென்ன?” என்றார்.

முதல் சனிக்கிழமை தலைவலி. அடுத்த சனிக்கிழமை பதிப்பாளர் கூப்பிட்டுவிட்டார். அதற்கும் அடுத்தது, “எழுத்து ஓடிக்கிட்டு இருக்கு, இப்ப எழுந்தா போச்சு.” கீழ்வீட்டுக்காரி உதவுகிறவள்தான், ஆனால் காலையில் அவள் வேலைக்கு ஓட வேண்டும். உடை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது.

அப்போதுதான் நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் வந்தது. தலைப்பு ‘எழுத்து தவிர’. எழுத்தாளர்கள் தங்களுக்கிருக்கும் மற்ற ஆர்வங்களைப் பற்றிப் பேச வேண்டும். கீழ்வீட்டுக்காரியை மாமியாருக்குத் துணை வைத்துவிட்டு இருவரும் போனார்கள். துப்பறியும் கதைக்காரர் பழைய பூட்டு சேர்க்கிறாராம். கவிஞர் எறும்புப் புற்றின் முன்னால் மணிக்கணக்கில் உட்காருவாராம்.

“வீட்ல திட்ட மாட்டாங்களா?” என்றார் நூலகர்.

“எறும்பு திட்டாது. அதான் அங்க போய் உக்காந்துக்கறேன்.”

கூட்டம் சிரித்தது. நாவலாசிரியர் முறை வந்ததும் குரலை இறக்கிக்கொண்டார்.

“எனக்கு ஆர்வம்னா எங்கம்மாதான். அவங்க உடம்பைத் துடைச்சு விடறது, தலை வாரி விடறது... ஒரு வயசான உடம்பைக் கவனிக்கறது பெரிய படிப்புங்க. முதுகுல எங்கயாவது சிவந்திருந்தா எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுவேன்.”

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சிவந்த இடத்தை அழுத்தித் தேய்த்தால் தோல் வழன்றுவிடும். ஒரு நாளாவது செய்திருந்தால் மனுஷருக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்து ஒருபக்கத்திடம் மைக் வந்தது.

“உங்களுக்கு எழுத்து தவிர என்ன மேடம்?”

“நீச்சல்.”

“அட! ரொம்ப வருஷமா நீந்தறீங்களா?”

“இன்னும் தண்ணில காலே வைக்கல சார். சனிக்கிழமை காலைல வீட்ல ஆள் இல்ல. அம்மாவைப் பாத்துக்கறதுல இவருக்கு இவ்வளவு ஆர்வம்னு எனக்கே இப்பதான் தெரியுது. இந்த வாரத்துலேர்ந்து இவர் பாத்துப்பார், நான் குளத்துக்குப் போறேன். நீங்க எல்லாரும் சாட்சி.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நாவலாசிரியரும் சிரித்தபடி தட்டினார். வேறென்ன செய்வார்?

வீட்டுக்குப் போகும் வழியில், “என் மானத்தை வாங்கிட்டே” என்றார்.

“நான் எங்க வாங்கினேன்? நீங்கதான் மேடையில கடை விரிச்சீங்க.”

சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். அவள் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை முக்கி மூச்சு விடக் கற்றாள். கால் தரையை விட்டுத் தானாக மேலே வந்தது. மற்ற பெண்கள் கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள்.

திரும்பியபோது நாவலாசிரியர் கூடத்தில் புத்தகத்தோடு இருந்தார். “அம்மா சமத்தா இருந்தாங்க. எதுவுமே கேக்கல.”

உள்ளே மாமியாரின் நெற்றி வியர்த்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

“பெட்பேனை வை. சீக்கிரம்.”

வைத்தாள். முடிய வெகுநேரம் ஆனது.

“அவர்கிட்ட கேட்டிருக்கலாமே அத்தை?”

“பெத்த புள்ளைகிட்டயா? அவன் இதுக்கா பொறந்தான்? நீ எதுக்கு இருக்கே? இனிமே போகாதே.”

“அடுத்த வாரமும் போவேன்.”

“அப்ப நான் அடக்கிக்கிட்டே சாகறேன்.”

அந்த வாரம் ஒருபக்கம் டயப்பர் வாங்கி வந்தாள். படுக்கையில் விழுந்த முதல் நாளே மாமியார் கேட்டிருந்தது அது ஒன்றுதான்: அதை மட்டும் எனக்குக் கட்டாதே. இத்தனை காலமும் அவள் கட்டியதில்லை. ராத்திரியிலும் எழுந்து பெட்பேன் வைத்தாள்.

சனிக்கிழமை காலை மாமியாரைப் புரட்டி, அடியில் விரித்து, ஒட்டினாள். மாமியார் தடுக்கவில்லை. “பாவி” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அறை வாசலில் நாவலாசிரியர். “முடிஞ்சுதா? உள்ள வரலாமா?”

“அவனை உள்ள விடாதே” என்றார் மாமியார்.

“நீங்க கூடத்துலயே இருங்க” என்றாள் ஒருபக்கம். அவர் முகம் தெளிந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று சொல்லிக்கொடுப்பவள் கம்பியை விடச் சொன்னாள். விட்டாள். இரண்டு முறை தண்ணீர் குடித்தாள், மூன்றாம் முறை மிதந்தாள்.

வீட்டுக்கு வந்து ஈரத் தலையோடு மாமியாரைப் புரட்டினாள். டயப்பர் காய்ந்தே இருந்தது.

அதைப் பிரித்தெடுத்துவிட்டு பெட்பேனை வைத்தாள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் துடைத்து, பவுடர் போட்டு, வலப்பக்கமாகப் படுக்க வைத்தாள்.

“அடுத்த சனிக்கிழமையும் கட்டிட்டுத்தான் போவேன் அத்தை.”

“கட்டு” என்றார் மாமியார். “நான் நனைக்க மாட்டேன்.”